ஒலிநாடாவில் உறங்கும் அமானிதம்

(மேல்மலையனூர் ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட இந்த அவையில், எந்தக் கணக்கிலும் ஏறாத ஒரு சொத்தைப் பற்றிப் பேச வாய்ப்பளித்த நிர்வாகத்தினருக்கு நமது நன்றி உரித்தாகுக. அந்தச் சொத்து பள்ளிவாசலின் பெயரிலோ வக்ஃபு ஏட்டிலோ இல்லை. நம் வீட்டுப் பரண்களிலும், தகரப் பெட்டிகளிலும், அலமாரியின் அடித்தட்டிலும் தூசி படிந்து கிடக்கிறது. பழைய ஒலிநாடாக்களைத்தான் சொல்கிறோம். பேச்சு வழக்கில் கேசட் என்போம்.

கேட்பதற்குக் கருவியே இல்லாத காலத்தில் இந்தக் குப்பையை எதற்கு நினைவூட்ட வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் நமக்கும் இருந்தது. அது எவ்வாறு மாறியது என்பதையும், அந்த நாடாக்களில் உள்ள ஒலியை வீட்டிலேயே கணினிக் கோப்புகளாக மாற்றிக் காக்கும் முறையையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கல்லில் நின்றதும் காற்றில் போனதும்

நமக்கு அண்மையிலுள்ள செஞ்சிக் கோட்டையை அறியாதவர் நம்மில் எவரும் இல்லர். 2025 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராத்தியப் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் தொகுதியின் 12 கோட்டைகளுள் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றது. அந்தக் கோட்டைக்குள் சாதத்துல்லாகான் பள்ளிவாசல் நிற்கிறது. 1717-18 இல் அது கட்டப்பட்ட செய்தியை அங்குள்ள பாரசீகக் கல்வெட்டு கூறுகிறது. முந்நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் யார் கட்டினார், எப்போது கட்டினார் என்று நாம் அறிந்துகொள்கிறோம். எழுத்தைக் கல் காப்பாற்றிக் கொடுத்தது.

ஆனால் அந்தப் பள்ளியில் முதன்முதலாகப் பாங்கு சொன்னவரின் குரல் எப்படி இருந்தது என்பதை எவராலும் சொல்ல இயலாது. குரலைக் காக்கும் கருவி அன்று மனிதனிடம் இல்லை. நமக்கு முந்தைய இரண்டு தலைமுறைக்குத்தான், ஏழை எளியவர் வீட்டிலும் குரலைப் பிடித்து வைக்கும் வாய்ப்புக் கிட்டியது. கிட்டிய அந்த வாய்ப்பை நம் கைகளாலேயே நழுவ விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் நமது கவலை.

வளைகுடாக் காலத்துக் குரல் கடிதங்கள்

1973 இல் எண்ணெய் விலை உயர்ந்ததை அடுத்து, வளைகுடா நாடுகளில் கட்டுமானப் பணிகள் பெருகின. தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் உழைப்பாளர்கள் விமானம் ஏறினர். கொத்தனார்களும், ஓட்டுநர்களும், தையற்காரர்களும், சமையற்காரர்களும் சென்றார்கள். அக்காலத்தில் நம் பக்கத்துச் சிற்றூர்களில் தொலைபேசி என்பது அரிய பொருள். அயல்நாட்டு அழைப்புக்கு நகரம் சென்று, பதிவு செய்து, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கட்டணமோ ஏழைகள் நினைத்துப் பார்க்க இயலாதது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு அஞ்சல் கடிதமும் அடுத்தவர் வாய்வழியாகவே வந்து சேரும்.

இந்த நிலையில்தான் கேசட் கைகொடுத்தது. வியாழன் இரவு, வேலை முடிந்த களைப்பில், தங்குமிடத்துக் கட்டிலில் அமர்ந்து ஒரு மனிதர் நாடாவிடம் பேசுவார். ஊருக்கு விடுப்பில் வரும் ஒருவர் கையில் அதைக் கொடுத்தனுப்புவார். இங்கே குடும்பம் முழுவதும் டேப் ரிக்கார்டரைச் சுற்றி அமர்ந்து கேட்கும். பின்னர் அதே நாடாவின் மறுபக்கத்தில் இங்குள்ளோர் பேசிப் பதிவு செய்து திருப்பி அனுப்புவார்கள். தமிழிலும் உருதுவிலும் பேசப்பட்ட அந்தக் குரல் கடிதங்களில் மழை பெய்ததா என்ற விசாரணை இருக்கும். கடன் அடைந்த கணக்கு இருக்கும். பிள்ளை நடக்கத் தொடங்கிய செய்தி இருக்கும். பேச முடியாமல் தொண்டை அடைத்து நின்ற மௌனமும் இருக்கும்.

இவை தவிர, நிக்காஹ் மஜ்லிஸில் ஓதப்பட்ட குத்பா, மீலாது மேடையில் உள்ளூர் ஆலிம்கள் ஆற்றிய பயான், மதரஸா ஆண்டு விழாவில் பிள்ளைகள் கிராஅத் ஓதியது, பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டு எனப் பலவும் அக்காலத்து நாடாக்களில் பதிந்துள்ளன.

எமது இல்லத்தில் நிகழ்ந்தது

எமது தகப்பனார் 1982 முதல் ஒன்பது ஆண்டுகள் தம்மாம் நகரில் பணியாற்றியவர். அவர் வஃபாத்தாகி நெடுநாள் ஆகிறது. 2022 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வீட்டின் பின்கட்டு ஒழுகியபோது, அங்கிருந்த தகரப் பெட்டியை இடம் மாற்றினோம். உள்ளே பதினான்கு கேசட்டுகள் இருந்தன. எவற்றின் மீதும் முழுமையான எழுத்து இல்லை. சிலவற்றில் ஓர் எண். சிலவற்றில் ‘வீட்டுக்கு’ என்ற ஒரே சொல்.

முதலில் ஒரு நகரத்துக் கடையில் இரண்டு நாடாக்களைக் கொடுத்து மாற்றித் தரச் சொன்னோம். இரைச்சலை நீக்கித் தருவதாகக் கூறினார்கள். நீக்கித்தான் தந்தார்கள். தகப்பனாரின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் ஒலித்தது. அவர் பேசும்போது பின்னணியில் கேட்ட மின்விசிறியின் சத்தம், தொலைவிலிருந்து வந்த பாங்கொலி, அறைத் தோழர்களின் பேச்சு ஆகிய யாவும் இரைச்சல் என்று கருதப்பட்டுத் துடைக்கப்பட்டிருந்தன. நல்லவேளையாக மூல நாடா கைக்குத் திரும்பியது. அதன் பின்னரே வீட்டில் நாமே செய்வது என முடிவெடுத்தோம்.

ஒரு நாடாவைக் கேட்டபோது நமக்குத் தலை குனிய நேர்ந்தது. அது எமது பாட்டியார் தகப்பனாருக்குப் பேசிய மறுமொழி நாடா. ஏதோ காரணத்தால் அனுப்பப்படாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. சிறுவர்களாக இருந்த நாமும் எம் சகோதரரும் அதன் மேல் வானொலியிலிருந்து திரைப்பாடல்களைப் பதிவு செய்திருந்தோம். இருபத்தாறு நிமிடங்கள் பாடல்கள். அவை முடிந்த இடத்தில், அழிக்கப்படாமல் எஞ்சிய நான்கு நிமிடங்களில், பாட்டியார் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, இவன் ஓதுகிறான், இவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மகனுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நான்கு நிமிடங்களே எம்மிடம் உள்ள அவரது குரல். அழித்தவர் வேறு எவரும் அல்லர், நாமே.

மற்றொரு நாடாவில் தகப்பனார் பேசி முடித்ததும், ஒருவர் இடையில் வந்து எம் தாயாருக்கு ஸலாம் சொல்லி, தமது ஊரைக் கடந்து போகும்போது தம் வீட்டிலும் நலம் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறார். இரண்டு நிமிடப் பேச்சுதான். பெயர் சொல்லவில்லை. நமக்கு அவர் யாரென்று தெரியவில்லை. அருகிலிருந்த தாயார் கேட்டவுடன் சொன்னார்: “இது அவலூர்பேட்டைப் பக்கத்து ஆளுப்பா. உங்க அத்தாவோட ஒரே ரூம்ல இருந்தவரு. அங்கேயே மவுத்தாயிட்டாரு.”

அந்தக் குடும்பத்தைத் தேடிச் சென்றோம். அவருடைய மகள் இப்போது நாற்பதை நெருங்குகிறார். தந்தை பயணம் புறப்பட்ட பின்னர் பிறந்தவர். கடவுச்சீட்டுக்காக எடுத்த ஒரு நிழற்படத்தைத் தவிர தந்தையைப் பற்றி அவரிடம் வேறொன்றும் இல்லை. கைப்பேசியில் அந்த இரண்டு நிமிடத்தை ஒலிக்கச் செய்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மீண்டும் போடுங்கள் என்று மட்டும் கையால் காட்டினார். எத்தனை முறை போட்டோம் என்று நாம் எண்ணவில்லை.

சகோதரர்களே, நாடாவைக் கோப்பாக மாற்றியது கருவி. அந்தக் குரலை அதன் உரியவரிடம் கொண்டு சேர்த்தது எம் தாயாரின் நினைவு. அந்த அம்மையார் அன்று அருகில் இல்லையென்றால், அது ‘யாரோ ஒருவர்’ என்ற பெயரில் கணினிக்குள் கிடந்திருக்கும்.

நாம் அத்துடன் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். வேலை, பயணம், பிறகு பார்க்கலாம் என்ற சோம்பல். 2024 இல் தாயார் வஃபாத்தானார்கள். அப்போது மூன்று நாடாக்கள் மீதமிருந்தன. பின்னர் அவற்றையும் மாற்றினோம். அவற்றுள் இரண்டு குரல்களை இன்றுவரை எவராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை.

நாடா ஏன் நிலைப்பதில்லை?

இப்போது நாம் காணும் கேசட்டை நெதர்லாந்தைச் சேர்ந்த பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் தலைமையில் அது உருவாயிற்று. சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அவர் முதலில் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டாராம். பின்னாளில் வண்டிச் சக்கரம் மாற்றும்போது அந்தக் கட்டையை முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தி, அங்கேயே விட்டுவிட்டார். அவர் 2021 ஆம் ஆண்டு 94 ஆவது வயதில் காலமானார். உலகெங்கும் குரல்களைச் சேமிக்க வழிகண்டவரே தம் மூலக்கட்டையைத் தவறவிட்டார் என்பது நமக்கு ஓர் ஆறுதல். ஓர் எச்சரிக்கையும் கூட.

கேசட்டுக்குள் இருப்பது 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் இரும்பு ஆக்சைடுத் துகள் ஒருவகைப் பசையால் பூசப்பட்டிருக்கும். ஒலி, மின்னலையாக மாறி, அந்தத் துகள்களைக் காந்தமாக்கி வரிசைப்படுத்துகிறது. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும்போது, கருவியின் தலைமுனை அந்தக் காந்த வரிசையைப் படித்து மீண்டும் ஒலியாக்குகிறது. அறுபது நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 90 மீட்டர் நாடா உண்டு. தொண்ணூறு நிமிடக் கேசட்டின் நாடா அதனினும் மெல்லியது. எளிதில் நீளும், சிக்கும்.

காலப்போக்கில் பசை தளர்ந்து துகள் உதிர்கிறது. நம் ஊர் வெப்பமும் மழைக்கால ஈரமும் பூஞ்சையை வளர்க்கின்றன. ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் படிந்து, பேச்சுக்கு முன்னரே அதன் மெல்லிய எதிரொலி கேட்கிறது. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய இடையூறு, நாடாவை இயக்கும் நல்ல கருவிகள் அருகிவருவதே. அவற்றைப் பழுது நீக்கத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன.

இது நம் வீட்டுக் கவலை மட்டுமன்று. ஆஸ்திரேலிய நாட்டின் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2025 க்குள் மாற்றப்படாத காந்த நாடாக்கள் பெரும்பாலும் இழக்கப்பட்டவையே என்று அது எச்சரித்தது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது. பிரிட்டிஷ் நூலகமும் அதே 2015 இல், ஒலிப்பதிவுகளைக் காக்க ஏறத்தாழ 15 ஆண்டுகளே உள்ளன என்று கூறிப் பணியைத் தொடங்கியது.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. 1906 முதல் 1909 வரையிலான ஆண்டுகளில் ஹிஜாஸ் பகுதியில் மெழுகு உருளைகளில் பதிவான குரல்கள், குர்ஆன் ஓதல் உட்பட, நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்பட்டு வந்துள்ளன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே ஈழத் தமிழர் நடுவே 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் தன்னார்வ முயற்சி, நூல்களோடு நில்லாமல் ஒலிப்பதிவுகளையும் மின்னணு வடிவில் சேர்த்து வருகிறது. இழந்தவர்களுக்கே காப்பதன் அருமை தெரிகிறது.

எதை முதலில் எடுப்பது?

வீட்டில் பெட்டியைத் திறந்தால் கடையில் வாங்கிய நாடாக்களும் வீட்டில் பதிந்த நாடாக்களும் கலந்தே இருக்கும். நாகூர் இ.எம். ஹனீபா அவர்கள் 2015 இல் மறைந்தாலும், அவரது பாடல்கள் எங்கும் கிடைக்கின்றன. எகிப்தின் காரி அல்ஹுஸரி அவர்களின் ஓதலை எந்தக் கைப்பேசியிலும் கேட்கலாம். ஆயிரமாயிரம் பிரதிகள் உள்ளவற்றுக்கு அவசரம் இல்லை. உங்கள் வீட்டுக் குரலுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான் உண்டு. ஆதலின் கையெழுத்துள்ள நாடாவும், ஒன்றுமே எழுதப்படாத நாடாவும் முதலில். அட்டைப்படம் அச்சிட்ட நாடா கடைசியில்.

வீட்டிலேயே செய்யும் முறை

முதற்பணி, நாடாவின் மேல் விளிம்பில் இரு மூலைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுவது. அவை இல்லையென்றால் கருவியில் பதிவுப் பொத்தான் அமுங்காது. எம் பாட்டியார் குரலை அன்றே இந்த ஒரு செயல் காத்திருக்கும்.

இரண்டாவது, நாடாவை வெளிச்சத்தில் பார்ப்பது. கண்ணாடிச் சாளரத்தின் வழியே வெண்ணிறப் பொடி போலத் தெரிந்தால் அது பூஞ்சை. அதைக் கருவியில் போடவே கூடாது. பிற நாடாக்களுக்கும் பரவும். தனி உறையிலிட்டு ஒதுக்கி, அத்தகைய பணியில் தேர்ந்தவரிடம் கொடுக்க வேண்டும். நாடா அறுந்திருந்தால் அதற்கென உள்ள ஒட்டுநாடாவைப் பயன்படுத்தி, தலைமுனை தொடாத பின்புறத்தில் ஒட்ட வேண்டும். சாதாரண செல்லோ டேப்பின் பசை கசிந்து அடுத்தடுத்த சுற்றுகளையும் கெடுத்துவிடும்.

மூன்றாவது, கருவியைத் தூய்மை செய்வது. பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, தலைமுனையில் படிந்த பழுப்பு அழுக்கைத் துடைக்க வேண்டும். ரப்பர் உருளைக்கு இலேசான சோப்பு நீர் போதும். நன்கு உலர்ந்த பின்னரே நாடாவைப் போட வேண்டும். அதற்கும் முன்னர் ஒரு வேண்டாத நாடாவைப் போட்டுச் சோதியுங்கள். கருவி நாடாவை மென்று தின்னுமானால் அந்தப் பாடல் நாடாவோடு போகட்டும்.

நான்காவது, பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஓட்ட வேண்டும். இறுகிய சுற்றுகள் தளரும், ஓட்டம் சீராகும். பிறகு ஒலி மங்கலாகக் கேட்டால், தலைமுனையின் அருகிலுள்ள சிறு திருகை மிக இலேசாகத் திருப்பிப் பார்க்கலாம். ஒலி தெளிவடையும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பதிந்த கருவியும் ஒலிக்கும் கருவியும் வேறாக இருப்பதால் வரும் வேறுபாடு இது.

ஐந்தாவது, கணினியுடன் இணைப்பது. டேப் ரிக்கார்டரின் ஒலி வெளியீட்டுத் துளையிலிருந்து ஒரு கம்பி வழியாகக் கணினியின் லைன்-இன் துளைக்குச் செல்ல வேண்டும். மேசைக் கணினியில் அது பெரும்பாலும் இளநீல நிறத்தில் இருக்கும். இளஞ்சிவப்பு நிறத் துளை மைக்குக்கு உரியது. அதில் செருகினால் ஒலி சிதையும். இக்கால மடிக்கணினிகளில் லைன்-இன் துளை இருப்பதில்லை. லைன்-இன் வசதியுள்ள யுஎஸ்பி ஒலி இணைப்பி ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். எதுவும் இயலாதவர், அமைதியான அறையில் கைப்பேசியை ஒலிபெருக்கியின் அருகே வைத்துப் பதிவு செய்யலாம். அது தரத்தில் குறைவுதான். எனினும் ஒன்றுமில்லாததைவிட மேலானது.

ஆறாவது, பதிவு செய்வது. ஆடாசிட்டி என்னும் மென்பொருள் 2000 ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது. நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட் என்ற அளவில் வேவ் கோப்பாகப் பதிய வேண்டும். ஒலி அளவு காட்டி, உரத்த குரல் வரும்போதும் கழித்தல் 6 டெசிபெல் அளவைத் தாண்டாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். சுழியத்தைத் தொட்டால் குரல் கிழியும். பின்னர் அதைச் சீர்செய்ய முடியாது. ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழி இல்லை. அந்த ஒரு மணி நேரமும் அருகிலிருந்து கேளுங்கள்.

சில நாடாக்களில் குரல் கீச்சென்று வேகமாக ஒலிக்கும். பேட்டரி தீரும் நிலையில் பதிந்திருப்பார்கள். நாடா மெதுவாக ஓடியிருக்கும். ஆடாசிட்டியில் வேகத்தைக் குறைத்து இதைச் சரிசெய்யலாம். ஆனால் எந்தத் திருத்தமும் ஒரு பிரதியில்தான் செய்ய வேண்டும். முதற்கோப்பு மூலம், அதன் மீது கை வைக்கலாகாது. இரைச்சல் நீக்கம் பற்றி எமது அனுபவத்தை முன்னரே சொன்னோம். இன்று இரைச்சல் என்று தோன்றுவது நாளை ஒருவருக்குத் தம் தந்தையின் குரலாக இருக்கலாம்.

ஏழாவது, பிரதிகள். இரு வழி ஒலியாகப் பதிந்த ஒரு மணி நேர வேவ் கோப்பு ஏறத்தாழ 1 ஜிபி இடம் பிடிக்கும். கேட்பதற்கென அதிலிருந்து எம்பி3 கோப்பு ஒன்று எடுத்துக்கொண்டால் 60 எம்பிக்குள் அடங்கும். மூலக்கோப்பை மூன்று இடங்களில் வையுங்கள்: கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு ஊரிலுள்ள உறவினர் இல்லத்தில் ஒன்று. இருபது ஆண்டுகளுக்கு முன்பே குறுந்தகட்டில் மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு சொல்: அந்தக் குறுந்தகடுகளும் நிலையானவை அல்ல. அவற்றையும் உடனே எடுத்துப் பாருங்கள். மாற்றிய பின்னரும் மூல நாடாவை எறிந்துவிடாமல், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் நிற்க வைத்துக் காப்பது நலம்.

அமானிதம் என்பதை மறவாதீர்

இளைஞர்களுக்குச் சிறப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். குரல் கடிதம் என்பது கடிதம். கணவர் மனைவிக்குப் பேசியது ஊருக்குப் பேசியது அன்று. கடன் பட்டதும், மனத்தாங்கல் கொண்டதும், அழுததும் அதில் இருக்கும். பேசியவர் உயிரோடு இல்லை என்பதால் அந்த மறைவு நீங்கிவிடாது. ஆதலின் முதலில் ஒருவர் மட்டும் தனியே கேட்க வேண்டும். உயிரோடு இருப்பவர் குரலாயின் அவரது அனுமதி வேண்டும். இல்லாதவராயின் நெருங்கிய வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிடைத்த மகிழ்ச்சியில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், பின்னர் எவராலும் அதைத் திரும்பப் பெற இயலாது. எம் தகப்பனாரின் நாடாக்களுள் இரண்டை நாம் மாற்றிக் காத்துள்ளோம். ஆயினும் தாயாரின் விருப்பப்படி அவற்றை எவருக்கும் ஒலிக்கச் செய்வதில்லை. காப்பது வேறு, பரப்புவது வேறு.

பெயரிடும் பணி

கோப்புக்கு ‘பதிவு 1’, ‘பதிவு 2’ என்று பெயர் வைத்தால், தகரப் பெட்டியை மின்னணுப் பெட்டியாக மாற்றியது மட்டுமே நாம் செய்த வேலையாகும். ஆண்டு, ஊர், பேசுபவர், யாருக்கு, எந்தப் பக்கம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில், எத்தனையாவது நிமிடத்தில் யார் பேசுகிறார், எதைப் பற்றிப் பேசுகிறார் என்று குறித்து வையுங்கள். தெரியாத குரலாயின் தெரியவில்லை என்றே குறியுங்கள். ஊகத்தை உண்மை போல் எழுதிவிடாதீர்கள்.

இந்தப் பணிக்கு மென்பொருள் கிடையாது. வீட்டில் எழுபதையும் எண்பதையும் கடந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே இதற்குரிய கருவி. மாலையில் அவர்கள் அருகில் அமர்ந்து, ஒரு நாடாவைப் போட்டு, “இது யாரு?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். பழைய குரலைத் தேடப்போய், இன்று நம்மோடு இருப்பவரின் குரலும் சேர்ந்து கிடைத்துவிடும்.

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

நிறைவாக, இந்த அவையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். நல்ல நிலையிலுள்ள டேப் ரிக்கார்டர் எவரிடமேனும் இருந்தால், ஜமாஅத் பொதுப் பயன்பாட்டிற்கு அதை இரவல் தந்துதவ வேண்டும். கணினி அறிந்த இளைஞர்கள் சிலர் வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். கற்றுத்தர நாம் ஆயத்தமாக உள்ளோம். பள்ளிவாசல் மேடையில் நிகழ்ந்த பயான்கள், விழாக்கள் ஆகியவற்றின் நாடாக்கள் எந்த வீட்டில் இருந்தாலும், அவற்றின் ஒரு பிரதி ஜமாஅத் அலுவலகத்தில் சேர வேண்டும். வீட்டுக் கடிதங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அவற்றைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை; மாற்றித் தர மட்டுமே நாம் துணை நிற்போம்.

இன்று இரவு வீடு திரும்பியதும் பரணைப் பாருங்கள். ஒரு நாடா கிடைத்தால் அதன் தடுப்பை உடையுங்கள். நாளைக் காலை அதை வீட்டின் மூத்தவர் கையில் கொடுத்து, இதில் யார் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். கணினி வாங்குவதும் கம்பி வாங்குவதும் அடுத்த மாதம் ஆகலாம், பாதகமில்லை. கேட்பதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். தள்ளிப்போட்ட நமக்கு இரண்டு குரல்கள் பெயரின்றிப் போயின.

நம்மை விட்டுப் பிரிந்த பெரியோர்கள் அனைவரின் பிழைகளையும் வல்ல இறைவன் பொறுத்தருள்வானாக! அவர்கள் நம்மிடம் விட்டுச்சென்ற அமானிதங்களைப் பேணும் நல்லெண்ணத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.